விரிசல் மூடும் வரை

வேலியோரம் ஊர்ந்துகொண்டிருந்த நத்தையின் மேல் ஒரு வெள்ளாடு தெரியாமல் கால் வைத்துவிட்டது. நத்தையின் ஓட்டில் விரிசல் விழுந்தது. வழக்கு ஓணானிடம் போனது. ஓணான் இரு பக்கத்தையும் கேட்டுத் தலையாட்டியது.

"விரிசல் மூடும் வரை ஆடு தினமும் ஒரு முருங்கைக் கொழுந்தைக் கொண்டுவந்து தரணும்."

கொழுந்தை வாயில் கவ்விக்கொண்டு விழுங்காமல் நடந்து வருவது ஆட்டுக்குப் பெரும்பாடாக இருந்தது. நத்தையோ அதுவரை உதிர்ந்த பழுப்பிலையைத்தான் தின்றிருந்தது. மரத்து உச்சியின் ருசி அதற்கு இப்போதுதான் தெரிந்தது.

"இன்னும் வலிக்குதா அண்ணே?" என்று ஆடு தினமும் கேட்கும்.

"மழை விழுந்தாத்தான் தெரியும் தம்பி" என்று மென்றபடியே நத்தை சொல்லும்.

மழையும் விழுந்தது. மறுநாள் ஓணான் பார்வையிட வருவதாக இருந்தது. அன்று மாலை நத்தை தலையைத் திருப்பி முதுகைத் தடவிப் பார்த்தது. விரிசல் வழவழவென்று மூடியிருந்தது. இனி கொழுந்து வராது. பக்கத்தில் கிடந்த கருங்கல்லில் ஓட்டை வைத்துத் தேய்க்கத் தொடங்கியது. வலித்தபோது கண்களை உள்ளே இழுத்துக்கொண்டு தேய்த்தது.

காலையில் ஓணானும் ஆடும் வந்தன. ஓட்டில் பாதியைக் காணோம். ஆடு கொழுந்தைக் கீழே வைத்தது. குளம்பைத் தூக்கி, படாமல் அந்த இடத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தது.

"என் குளம்பு இவ்வளவு பெரிசு இல்லையே அண்ணே."

நத்தை ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தது. உள்ளே இடம் போதவில்லை.