நல்ல பையன்

வாஷிங் மெஷினில் ஏழு வருஷம் டிரம்மைத் தாங்கிச் சுழன்ற பேரிங்கை, தண்டபாணி சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே தள்ளினார். உடம்பெல்லாம் துரு. தெம்பில்லாமல் அது தரையில் கிடந்தது.

"என்னண்ணே இந்தக் கோலம்?" என்றது டப்பாவிலிருந்த புதுப் பேரிங்.

"உள்ளே தண்ணி வந்துடுச்சுப்பா. அதைத் தடுக்க வேண்டியது இந்த ரப்பர் சீல். கிழிஞ்சும் வாயைத் திறக்கல."

சீல் சிரித்தது. "நான் என்னைக்காவது சத்தம் போட்டேனா? வீடே அதிரக் கத்தினது நீதானே?"

அது உண்மைதான். அதனால்தான் தண்டபாணி பேரிங்கை மட்டும் மாற்றினார். சீலைத் துணியால் துடைத்து, "இது நல்லாத்தான் இருக்கு" என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

பழைய பேரிங் பதறியது. "டேய், அந்தச் சீலோட உள்ளே போகாதே. இப்பவே கத்து!"

"வந்த அன்னைக்கே கத்தினா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்கண்ணே?" என்றபடி புதுசு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அதன்மேல் சீல் உட்கார்ந்தது.

தண்டபாணி டிரம்மைச் சுற்றிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். "மரகதம், கேட்டியா? ஒரு சத்தம் இல்ல!"

உள்ளேயிருந்து சீலின் குரல் வந்தது. "நல்ல பையன்டா நீ. இப்படியே இரு."