டாஃபி சாப்பிடவில்லை

"நாலு நாளாச்சு. வாயே திறக்க மாட்டேங்குது," என்றாள் ரூத்தி, பேசினில் ஊற்றிய வெந்நீரில் விரலை விட்டுச் சூடு பார்த்தபடி.

வெண்டல் சமையலறை வாசலிலேயே நின்றான்.

கையகல ஆமை, ஓட்டை இறுக மூடிக்கொண்டு பெட்டிபோலக் கிடந்தது. தட்டில் வைத்த ஸ்ட்ராபெரியும் பழுத்த தக்காளியும் அப்படியே இருந்தன. மண்புழு மட்டும் தப்பித்து மேஜை விளிம்புவரை போயிருந்தது.

டாஃபி என்றால் தட்டைக் கண்டதுமே கழுத்தை நீட்டும். கண் இரண்டும் பழுப்பு மிட்டாய்போல இருக்கிறதென்று ரூத்தியின் அப்பா வைத்த பெயர் அது. அவர் இறந்து இரண்டு வருடம். அவள் அம்மாவை வெண்டல் கட்டிக்கொண்டு ஆறு மாதம். பத்து வயது ரூத்தி இன்னும் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், வண்டியில் பின்சீட்டில்தான் உட்காருவாள்.

"நீங்க சுட்ட பிஸ்கட்டைக்கூட நாய் தின்னுடுச்சு. இது தண்ணிகூடக் குடிக்கலை," என்றாள். "டாக்டரம்மாகிட்ட கொண்டு போகலாமா?"

"சனிக்கிழமை. பூட்டியிருப்பாங்க."

"பத்து மணிவரைக்கும் இருப்பாங்க."

"இன்னும் ஒரு நாள் பார்ப்போமே, ரூத்தி."

டாக்டரம்மா வசந்தத்தில்தான் டாஃபியைக் கையில் வைத்துப் பார்த்தவர். பார்த்த கணமே இது வேறு ஆமை என்று சொல்லிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை வெண்டல் புல் வெட்டிக்கொண்டிருந்தான். கூண்டைவிட்டு வெளியே வந்த டாஃபி வேலி ஓரம் உயர்ந்திருந்த புல்லுக்குள் இருந்ததை அவன் பார்க்கவில்லை. மெஷினை நிறுத்தியபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

புதைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதும் இந்த ஆமை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. அதே அளவு, அதே மஞ்சள் கோடுகள். பள்ளிப் பேருந்து வருவதற்குள் கொண்டுவந்து கூண்டில் விட்டான்.

டென்னசியின் அந்த மலைப்பக்கத்தில் ரோட்டில் ஆமையைக் கண்டால் எவரும் வண்டியை நிறுத்துவார்கள். அது எந்தப் பக்கம் பார்த்துப் போகிறதோ அந்தப் பக்கமே தூக்கிக்கொண்டுபோய் விடுவார்கள். எதிர்ப்பக்கம் விட்டால் மறுபடி ரோட்டில் இறங்கும். பழகிய மண்ணைவிட்டுப் பிரித்தால் பட்டினி கிடக்கும். வெண்டலும் சிறுவயது முதல் அப்படி எத்தனையோ ஆமைகளைக் கரை சேர்த்தவன்தான். இது ஒன்றைத்தான் வண்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தான்.

வெந்நீரில் இறக்கியதும் ஆமையின் ஓடு மெல்லத் திறந்தது. ரூத்தி குனிந்து பார்த்தாள்.

"கண்ணெல்லாம் சிவந்திருக்கு."

"உடம்பு சரியில்லேன்னா அப்படித்தான் சிவக்கும்."

"அப்படியா," என்றாள். அவன் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி ஆமையைப் பார்த்தாள். "பயப்படாதே. உன்னை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

மூச்சுக்கு மூச்சு டாஃபி டாஃபி என்கிறவள், நாலு நாளாக அந்தப் பெயரைச் சொல்லவில்லை. காலையில் மேஜையில் ஜெபம் சொன்னபோதுகூட, "சாப்பிடாத இந்த ஜீவனுக்குப் பசியைக் கொடும் ஆண்டவரே" என்றுதான் கேட்டாள். பாவம், கவலை என்று வெண்டல் நினைத்துக்கொண்டான். ஆமென் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

சொன்னால் இந்தப் பெண் இனி தன் முகத்திலேயே விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் இதுவும் செத்துப்போகும். ஆமையின் ஒட்டிய கழுத்தைப் பார்க்கப் பார்க்க அவனால் நிற்க முடியவில்லை. உள்ளே வந்து அவள் எதிரே உட்கார்ந்தான்.

"ரூத்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். செவ்வாய்க்கிழமை நான்... டாஃபி..."

ரூத்தி ஆமையைத் தூக்கித் துண்டால் ஒற்றினாள். அட்டைப்பெட்டியில் ஈரப்பாசியைப் பரப்பி அதன்மேல் வைத்தாள். பிறகு ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டு, பெட்டியோடு வெளியே நடந்தாள்.

பின்னாலேயே ஓடிய வெண்டல், அவள் முன்கதவைத் திறந்து ஏறி, மடியில் பெட்டியுடன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அவள் பக்கத்தில் ஏறி வண்டியைக் கிளப்பினான்.

"டாக்டரம்மாகிட்டயா?" என்றான்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"நீங்க எடுத்தப்போ இவன் ரோட்டுல எந்தப் பக்கம் பார்த்துப் போயிட்டிருந்தான், வெண்டல்?"