சந்தன மாலை

குடும்ப வரலாற்றுக்கென்று தணிகாசலம் தொடங்கிய இணையப் பக்கத்தில், இறந்தவர்களின் படத்துக்கெல்லாம் ஒரு சந்தன மாலை தொங்கியது. நாகரத்தினம் அத்தையின் படத்துக்கும் போட்டிருந்தான். அவள் இறந்த தேதியை அப்பாதான் சொன்னார். பக்கம் வெளியான மறுவாரம், அதில் கொடுத்திருந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது.

“நான்தான் மருமவனே, நீ மாலை போட்ட அத்தை.”

வேற்றுச் சாதிக்காரனோடு அவள் போன அன்று, செத்துவிட்டதாக அப்பா ஆற்றங்கரையில் குடம் உடைத்துத் தலைமுழுகிய தேதிதான் அது என்று அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

“மன்னிச்சிருங்க அத்தை, இப்பவே எடுத்துடறேன்.”

“எதுக்கு எடுக்குற? நல்லாத்தானே இருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் நானும் உங்கப்பனுக்குத் தலைமுழுகிட்டேன். அதே தேதியைப் போட்டு அவன் படத்துக்கும் ஒண்ணு மாட்டிவிடு.”

போனை வைத்துவிட்டாள். தணிகாசலம் இன்னொரு மாலையை இழுத்து அப்பாவின் படத்தின் மேல் கொண்டுவந்தான். அளவு கச்சிதமாக இருந்தது. மவுசிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“யார்டா போன்ல?” என்றார் அப்பா, பக்கத்து அறையிலிருந்து.