விசாரிக்க வந்தவர்

“பொண்ணைப் பத்தி விசாரிக்கத்தானே வந்திருக்கீங்க? கூச்சப்படாம உள்ள வாங்க ஐயா!”

கடை வாசலில் தயங்கி நின்றவர் திடுக்கிட்டார். காதை மூடி இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியும், மூக்கையும் வாயையும் மறைத்த வெள்ளைத் துணியுமாக ஆள் பாதிதான் தெரிந்தார். ஒசாகாவில் குளிர் வந்துவிட்டால் சளி பிடித்தவர்கள் எல்லாருக்கும் அதுதான் கோலம்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்கம்மா?”

“எதிர் மாடியையே வெச்ச கண்ணு வாங்காமப் பார்த்துட்டு நிக்கறீங்களே! அங்க குடியிருக்கறது தமாயோ ஒருத்திதான். அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குதுன்னு தெருவுக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டு ஆளு இன்னும் வரலியேன்னு நானே பார்த்துட்டிருந்தேன்.”

மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி, பெண் இருக்கும் தெருவில் நாலு கடையில் விசாரிக்காமல் எந்தக் கல்யாணமும் முடிவாகாது. இந்தத் தெருவில் அந்த விசாரணை குமேகோவின் காய்கறிக் கடையில்தான் தொடங்கும். பாதி நேரம் அங்கேயே முடிந்தும் போகும். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

முள்ளங்கிக் கூடையைத் தள்ளி வைத்து முக்காலியைப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“பொண்ணு... நல்லா சாப்பிடுதா?”

இதையா முதலில் கேட்பார்கள் என்று குமேகோ நினைத்தாள். உடம்பு கெட்டியா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார் போலிருக்கிறது.

“நல்லாவே சாப்பிடுவா. எங்கிட்டதான் காய் வாங்குவா. தையல் கடையில வேலை. வாயைத் திறந்து அதிர்ந்து ஒரு பேச்சுக் கிடையாது.”

“ராத்திரில இருமல் கிருமல்?”

“சேச்சே!”

“குளிருக்கு நல்ல கோட்டு வெச்சிருக்கா?”

குமேகோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன், நீங்க எடுத்துக் குடுக்கப் போறீங்களா? பழசு ஒண்ணு இருக்கு. பாவம், பெத்தவங்க யாரும் இல்லை. ஒகாயாமாப் பக்கம் ஏதோ கிராமமாம். தன் கையை ஊனித் தானே எழுந்து நிக்கிற பொண்ணு ஐயா. தங்கம்!”

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் பிடிபடவில்லை. வாயை அங்கேயே மூடியிருக்கலாம். குமேகோவால் அது எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது?

“ஒரே ஒரு வேடிக்கை நடந்துச்சு கேளுங்க. உங்க வீட்டுக்கு அனுப்புன போட்டோ இருக்கே, அதுக்குக் கிமோனோ கட்டிவிட்டு ஸ்டூடியோவுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். விளக்கு பளிச்சுனுதுதான் தாமதம், பொண்ணு தரையில குப்புற விழுந்துட்டா! இப்படி!” குமேகோ கட்டைவிரலால் காதை அடைத்து, மற்ற விரல்களால் கண்ணைப் பொத்திக் காட்டினாள். “ஸ்டூடியோவுல இருந்தவங்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம்.”

அவர் சிரிக்கவில்லை.

“குண்டு போட்டா இப்படிப் படுக்கணும்னு அந்தக் காலத்துல எங்களுக்கும்தான் சொல்லிக் குடுத்தாங்க,” என்று குமேகோ குரலைத் தாழ்த்தினாள். “ஆனா சத்தமே இல்லாத வெறும் வெளிச்சத்துக்கு யாராவது விழுவாங்களா? போர் முடிஞ்சு பதினாறு வருஷம் கழிச்சு? அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஒகாயாமாவும் இல்லை, ஒண்ணும் இல்லை. இவ ஹிரோஷிமாப் பொண்ணு. அங்க சத்தத்துக்கு முன்னாடி வெளிச்சம்தானாம் வந்துச்சு. அணுகுண்டை நேர்ல பார்த்தவ.”

“அது... உறுதியாத் தெரியாதே...”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த ஊர்க்காரங்க ரத்தத்திலயே விஷம் இருக்காம். இன்னிக்கு நல்லா இருப்பாங்க, நாளைக்கு முடி கொட்டிப் படுத்துடுவாங்க. பொறக்கற குழந்தை என்ன லட்சணத்துல பொறக்குமோ! எம் பையனா இருந்தா வேண்டவே வேண்டாம்னுடுவேன். யாரு வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.”

அவர் எதிர் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

“விழுந்தாளே... யாரு தூக்கிவிட்டாங்க?”

குமேகோ யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான். அந்தப் பெண் தானே எழுந்து, கிமோனோவைத் தட்டிவிட்டு, தொந்தரவு கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரையும் பார்த்துக் குனிந்தாள். வேடிக்கை என்று இத்தனை நாள் சொல்லித் திரிந்த கதை இப்போது வேடிக்கையாகத் தெரியவில்லை.

“யாரும் இல்லை,” என்றாள் மெதுவாக.

அவர் சட்டென்று ஈரத் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

“ஐயையோ, என்ன இது? எழுந்திருங்க! மாப்பிள்ளை வீட்டுக்காரர் நீங்க போய்...”

“அவங்க நாளைக்கு வருவாங்கம்மா. அந்த வெளிச்சத்து விஷயத்தை மட்டும் சொல்லிடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்.”

குனிந்த வேகத்தில் தொப்பி கழன்று விழுந்திருந்தது. ஒரு பக்கம் காதே இல்லை. உச்சியிலிருந்து கழுத்து வரைக்கும் தோல் உருகி வழிந்து இறுகிக் கிடந்தது. குமேகோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தத் தழும்பைப் பார்த்து அல்ல, தன் நாக்கை நினைத்து.

“அப்ப... நீங்க யாரு?”

அவர் தொப்பியை எடுத்து அவசரமாக மாட்டிக்கொண்டார்.

“என் மூஞ்சியைப் பார்த்தாலே எந்த ஊருன்னு தெரிஞ்சிடுமேன்னு, அப்பா செத்துட்டார்னு சொல்லச் சொல்லி நான்தாம்மா அவளை இங்க அனுப்பி வெச்சேன்.”