மூக்கில் கட்டிய எலுமிச்சம்பழம்

கம்பெனி எனக்குத் தரவேண்டிய கூலிப் பாக்கி எழுபத்து நாலாயிரத்து முந்நூறு ரூபாய். காசிமேட்டில் பந்தயப் பாய்மரப் படகுகளை வரைந்து கட்டுகிற கம்பெனி. தொடங்கிய ஐயா காகிதத்தில் வரைந்தார். அவர் மகள் கணினியில் வரைந்தார். அந்தம்மா இறந்த பிறகு, கூடவே வரைந்து பழகிய கணினிதான் முதலாளி. உப்புத்தாள் போட்டுப் படகு தேய்க்கிற எனக்கு யார் முதலாளியானால் என்ன, கூலி வந்தால் சரி. இப்போது கட்டியிருக்கிற படகு பந்தயத்தில் ஜெயித்தால் பாக்கி கிடைக்கும். தோற்றால் கம்பெனிக்கே பூட்டு.

படகை இறக்குகிற காலையில் என் மனைவி தேசம்மா அதன் மூக்கில் எலுமிச்சம்பழம் கட்டினாள்.

"ஏகாம்பரம் அண்ணா, அது அறுபது கிராம். கழட்டிடுங்க," என்று ஒலிபெருக்கியில் முதலாளி சொன்னது.

"கூலி குடுக்க வக்கில்ல, பழத்த எடை போடுறியா?" என்றாள் தேசம்மா. "அது இல்லாம எங்க ஆளுங்க எவனும் ஏற மாட்டான், தெரிஞ்சுக்க."

படகோட்டிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலாளி எடைக் கணக்கை மறுபடி போட்டது.

"சரிக்கா, இருக்கட்டும். அண்ணா, உள்பக்கம் நான் சொல்ற எடத்துல அறுபது கிராம் தேய்ச்சு எடுத்துடுங்க."

தோள் கழன்றுவிடும்போல் தேய்த்தேன். பந்தயத்தில் படகு முதலாவதாக வந்தது.

மறுநாள் முதலாளி அடுத்த படகின் படத்தைத் திரையில் காட்டியது. மூக்கில் பழம் கட்ட ஒரு சின்ன வளையம் வரைந்திருந்தது. தேசம்மா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் போன் ஒலித்தது. எழுபத்து நாலாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய் வந்திருந்தது. பழத்தின் விலையையும் சேர்த்துத் தீர்த்துவிட்டது.