எபசோத்தே போடாத பானை

அந்தப் பானையில் ஹசிந்தா எபசோத்தே போடவில்லை.

மறந்துபோய் அல்ல. வேண்டுமென்றேதான்.

கறுப்பு பீன்ஸ் விரலில் நசுங்கும் பதத்துக்கு வெந்துவிட்டது. உப்பும் எபசோத்தே இலையும் சேரவேண்டிய நேரம் இதுதான். முன்கூட்டியே போட்டால் இலை கசந்து, மணம் ஆவியோடு போய்விடும். கடைசியில் ஒரு கிளையை அப்படியே போட்டுக் கொஞ்ச நேரம் மூடி வைத்தால் போதும். மண்ணெண்ணெயில் எலுமிச்சைத் தோலைக் கசக்கியது போன்ற அந்த வாடை, பீன்ஸுக்குள் இறங்கியதும் வேறொன்றாகிவிடும். சாப்பிட்டவர் வயிற்றில் வாயுவையும் அடக்கும். அது இல்லாத பீன்ஸ் வெறும் பீன்ஸ்.

உப்பை மட்டும் போட்டாள்.

இன்று நவம்பர் ஒன்று. செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். வருகிறவர்கள் எதையும் மெல்வதில்லை. மணத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள், மணத்தைத்தான் சாப்பிடுகிறார்கள். அதற்காகத்தான் அவள் கணவன் எவாரிஸ்தோ வாசலிலிருந்து கூடம் வரை துலுக்கச் சாமந்தி இதழ்களைத் தூவிக்கொண்டிருந்தான். அந்தப் பாதை போய் முடியும் இடத்தில் படையல் மேஜை. மேஜையின் நடுவில், பல் தெரியச் சிரிக்கும் ஒதிலியாவின் படம்.

அவனுடைய முதல் மனைவி.

படத்தைத் துடைத்து வைக்கும் வேலையும் ஹசிந்தாவுக்குத்தான் வந்தது. அந்தப் பல்வரிசையைத் துணியால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள். சிரிப்பு போகவில்லை.

அவள் இந்த வீட்டுக்கு வந்தது ஈஸ்டருக்குப் பிறகு. அன்றைக்கே சமையலறைக் கதவருகில் பழைய பன்றிக்கொழுப்பு டின் ஒன்றில் அந்தச் செடி முழங்கால் உயரத்துக்கு நின்றது.

எவாரிஸ்தோ காலையில் எழுந்தால், காபிக்கு முன், அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன், அதற்குத்தான் தண்ணீர் ஊற்றுவான். பூக்கதிர் தலைகாட்டினால் நகத்தால் கிள்ளிவிடுவான். பூக்க விட்டால் இலை சிறுத்துப்போகும். கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பெயர் வரும்.

அவள் எபசோத்தே போட்டு முதன்முதலில் பீன்ஸ் வைத்த அன்று, ஒரு கரண்டி வாயில் வைத்ததுமே அவன் கண்ணை மூடிக்கொண்டான். யாரை நினைத்து மூடினான் என்று கேட்கவா வேண்டும்?

ஒரு செடியிடம் சக்களத்திச் சண்டை போட முடியாது. பிடுங்கி எறியலாம்தான். ஆனால் எறிந்த இடத்தில் விதை உதிர்ந்து, அடுத்த மழைக்குக் கும்பலாக முளைக்கும் சாதி அது.

அதனால்தான் இன்றைக்கு இந்த வழி. ஒதிலியா சாமந்திப் பாதையைப் பிடித்து வாசல் வரை வருவாள். மூக்கை உயர்த்துவாள். தன் செடியின் மணம் இல்லாத வீடு தன் வீடில்லை என்று திரும்பிப் போய்விடுவாள்.

எவாரிஸ்தோவின் அக்கா செனாய்தா, படையலுக்கு ரொட்டிக் கூடையோடு வந்தாள். கூடையை இறக்குவதற்கு முன்பே அடுப்படிக்குள் நுழைந்து பானை மூடியைத் தூக்கி மோந்தாள். மறுபடியும் குனிந்து மோந்தாள்.

ஹசிந்தா விறகைத் தள்ளுவதுபோல் அடுப்பின் பக்கம் குனிந்துகொண்டாள்.

"அடி கெட்டிக்காரி! ஒதிலியாவுக்கு எபசோத்தே ஆகாதுன்னு உனக்கு யாருடி சொன்னா? அவ வடக்கத்திக்காரியாச்சே, அங்கல்லாம் இது பழக்கமில்ல. நான் ஒரு இலை போட்டாக்கூட, 'பீன்ஸ்ல மண்ணெண்ணெய ஊத்திட்டீங்களா'ன்னு மூக்கப் பொத்திக்கிட்டு தெருவுக்குப் போயிடுவா. அவளக் கட்டினதுலேர்ந்து இவனும் அத வாயில வெச்சதில்ல, பாவம். இன்னிக்குப் பாரு, நேரா வந்து உக்காந்துருவா."

"அப்ப அந்தச் செடி?"

"அது உனக்காகப் போட்டதுடி. கல்யாணம் பேசி முடிச்சதும் உங்கம்மாகிட்டப் போய் விதை வாங்கிட்டு வந்தான். மக்காச்சோளம் மாதிரி ஆழமாப் புதைச்சான், மண்டு. முளைச்சாத்தானே? மறுபடி போனான். மேல மண்ணே போடாத, தூவிட்டு விடு, அதுக்கு வெளிச்சம் படணும், பூத்தாக் கிள்ளுன்னு உங்கம்மா திட்டி அனுப்பினாங்களாம். உங்கிட்ட சொல்ல வெக்கம் துரைக்கு."

செனாய்தா சிரித்துக்கொண்டே ரொட்டியை அடுக்கக் கூடத்துக்குப் போனாள்.

ஹசிந்தா கதவருகே போய், செடியில் நல்ல கிளையாகப் பார்த்து ஒன்றை ஒடித்தாள். விரலெல்லாம் வாடை.

இப்போதுதான் அவளுக்குச் சரியான வழி தெரிந்தது. இந்த ஒரு கிளை போதும். ஒதிலியா மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவோடு போய்விடுவாள்.

பானை மேல் கிளையைப் பிடித்தபடி நின்றாள். ஆவியில் இலைகள் துவண்டன. வாசலில் எவாரிஸ்தோ முட்டிபோட்டு, காற்று கலைத்த இதழ்களைத் திரும்ப வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். கூடத்தில் ஒதிலியா சிரித்துக்கொண்டிருந்தாள்.

கிளையை அம்மிமேல் வைத்தாள்.

வீட்டிலிருந்ததிலேயே பெரிய மண்கிண்ணத்தை எடுத்து விளிம்பு தொட பீன்ஸ் மொண்டாள். கொண்டுபோய்ப் படத்தின் முன்னால் வைத்தாள். ஆவி நேராக அந்தப் பல்வரிசையைத் தொட்டது.

திரும்பி வந்து, கிளையைப் பானைக்குள் போட்டாள்.

வாடை வெளியே வராதபடி மூடியை இறுக்கி மூடினாள். மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள், விருந்தாளி சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை.