கட்டைவிரல் ரேகை

புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் பத்து நொடியில் இறுகிவிடும் பூச்சு ஒன்றை அவள் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அன்று காலை விளக்கடியிலிருந்து எடுத்த கண்ணாடித் தகடுகளில் ஒன்றில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அவளுடைய பழைய உதவியாளரின் விரல் அது. அவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. ஆய்வகச் சாவி இப்போது அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

அவர் வேலையில் இருந்தபோது கையுறை தீர்ந்துபோன ஒரு வாரத்தில், "ரெண்டு நாள்தானே, வெறுங்கையோட சமாளிங்கண்ணே" என்று சொன்னவள் அவள். ஈரப்பூச்சு தோலைப் புண்ணாக்கும் என்று படித்திருந்தும் சொன்னாள். அவர் கைகள் கொப்புளித்துப் போயின.

அன்று காலைக்குப் பின் தினமும் ஒரு தகட்டில் அந்த ரேகை இருந்தது. ஏழாம் நாள் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

"கை ஆறிடுச்சு மேடம். ரேகைதான் திரும்ப வரல. எங்க விரல வெச்சாலும் மெஷின் எடுக்க மாட்டேங்குது" என்று சிரித்தார்.

"பூச்சு கைய புண்ணாக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும்ணே. தெரிஞ்சுதான் சொன்னேன்."

"தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அவர் தகட்டை வாங்கி, வழவழத்த கட்டைவிரலை ரேகையின் மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. விரலை எடுத்தபோது, கல்லாய் இறுகியிருந்த பூச்சு பசைபோல் நூல் நூலாக இழுபட்டு வந்தது.

அவள் அவர் கையைப் பிடித்துத் தன் வெறும் விரல்களால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.